எட்டு கோர் இருந்தும் ஏன் மெதுவாக ஓடியது?

இரண்டு நாளாக ஒரு நிரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பெரிய கோப்பில் சொற்களை எண்ணும் வேலை. என் ப்ராசஸரில் எட்டு கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு பகுதிகள். அதனால் வேலையை எட்டு திரெட்களுக்கு (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்) பிரித்துக் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையை வைக்கத் தனித்தனி கவுன்டர். எதுவும் இன்னொன்றின் கவுன்டரைத் தொடுவதில்லை, ஒன்றுக்காக இன்னொன்றைக் காத்திருக்க வைக்கும் லாக்கும் கிடையாது. அப்படியும் ஒற்றைத் திரெட்டை விட மெதுவாக ஓடியது! எட்டு கோரும் மும்முரமாக உழைப்பதாகத்தான் திரை காட்டியது.

காரணம் தெரிந்தபோது நிஜமாகவே சிலிர்த்துவிட்டது. ப்ராசஸர் நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை. கேஷ் லைன் என்ற துண்டு துண்டாகத்தான் எடுக்கும். எடுத்ததன் நகலை ஒவ்வொரு கோரும் தன் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் என்ற சிறிய வேக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பெரும்பாலான கணினிகளில் அது 64 பைட். என் கவுன்டர் ஒவ்வொன்றும் 8 பைட். எட்டும் அடுத்தடுத்து ஒரே லைனில் உட்கார்ந்திருந்தன. ஒரு கோர் தன் கவுன்டரில் ஒன்றைக் கூட்டினாலே, மற்ற கோர்களிடம் இருக்கும் அந்த லைனின் நகல் செல்லாததாகிவிடும். அடுத்த கோர் எழுத வேண்டுமானால் லைனை மறுபடி வாங்க வேண்டும். ஒரே நோட்டை எட்டுப் பேர் மாறி மாறிப் பிடுங்கி, அவரவர் பக்கத்தில் ஒரு கோடு போடுகிற மாதிரி.

ஒவ்வொரு கவுன்டருக்கும் தனி லைன் கிடைக்கும்படி நடுவில் வெற்றிடம் விட்டேன். அவ்வளவுதான், பறக்கிறது!

சரி, எட்டு மடங்கு வேகம் வந்ததா? இல்லை. கோப்பைப் படிப்பது இன்னும் ஒரே திரெட்டில்தான் நடக்கிறது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சுட்டிக்காட்டிய எல்லை இது. வேலையில் 5 சதவீதம் வரிசையாகத்தான் நடக்கும் என்றால், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது. இன்று ராத்திரி அந்தப் படிக்கும் பகுதியைப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.