சினார் இலையும் சுரைக்காய் வத்தலும்

இலையுதிர் காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. மதுரைப் பக்கம் பிறந்தவளுக்கு அதைக் கண்ணால் பார்க்க வாய்ப்பேது? நம் கணக்கில் ஐப்பசி கார்த்திகை என்றால் கூதிர், அதாவது அடைமழையும் ஈரக்காற்றும். வேப்பமரம் இலை கொட்டினாலும் அது கோடையை ஒட்டித்தான் கொட்டும். அதனால் போன அக்டோபர் கடைசி வாரம், வீட்டில் குடை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், டெல்லி வழியாக ஸ்ரீநகருக்குக் கிளம்பிவிட்டேன். காஷ்மீரியில் இந்தப் பருவத்துக்கு 'ஹருத்' என்று பெயர்.

நானும் எல்லோரையும் போல சிவப்பு இலை பார்க்கத்தான் போனேன். முதல் நாளே நசீம் பாக். காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள், தால் ஏரியை ஒட்டி, முகலாயர் காலத்தில் போட்ட சினார்த் தோப்பு. சில மரங்களின் அடியை நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. தரை முழுக்கத் துருப்பிடித்த சிவப்பு. ஐந்து விரல் விரித்த கை மாதிரி இலை, காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

போட்டோ எடுக்க வந்தவர்களுக்கு நடுவே இரண்டு பெண்கள் பெரிய விளக்குமாற்றால் அத்தனை சிவப்பையும் கூட்டிக் கூட்டிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணக் கோலத்தில் நின்ற ஒரு ஜோடி, "கொஞ்ச நேரம் கூட்டாமல் இருங்களேன்" என்று கெஞ்சியது. அவர்கள் சிரித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். அந்தச் சாக்குகள் எதற்கு என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது தங்கின வீட்டில். ஜீலம் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. மேல்மாடி அறை ஒன்றை வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டு அம்மாவை நான் ஆன்ட்டி என்றேன், அவர் என்னை பேட்டா என்றார். என் இந்தி அரைகுறை. அவருடைய இந்தியில் பாதி காஷ்மீரி. பேச்சு ஓடியது. புழக்கடையில் சினார் இலைக் குவியலுக்குத் தீ வைத்து, நெருப்பு முழுசாகப் பற்றிக்கொள்ளும் நேரம் பார்த்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். மிஞ்சியது கறுப்பாக, லேசாக, கையில் எடுத்தால் எடையே இல்லாத கரி. காங்கிடியில் போடுவதற்கு. புகை பிரச்சினையால் இப்படி எரிக்கக் கூடாது என்று அரசு அவ்வப்போது உத்தரவு போடுகிறது. ஆன்ட்டி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டேதான் எரித்தார்.

காங்கிடி என்பது குச்சிகளால் பின்னிய கூடைக்குள் வைத்த மண்சட்டி. அடியில் கரி, மேலே நாலைந்து கங்கு, அதற்கு மேல் சாம்பல் போர்வை. பக்கத்தில் கிளறிவிட ஒரு சின்னக் கரண்டி தொங்கும். இதை ஃபெரனுக்குள், வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்வார்கள். ஃபெரன் என்றால் முழங்காலுக்குக் கீழ் வரைக்கும் தொளதொளவென்று தொங்கும் கம்பளி அங்கி. தொளதொளப்பு தையல்காரர் பிசகு இல்லை. உள்ளே கை, காங்கிடி, சமயத்தில் ஒரு குழந்தையும் அடங்க வேண்டும். வெளியே நடக்கிறவர்களின் சட்டைக்கை இரண்டும் காலியாக ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து முதல் நாள் திடுக்கிட்டேன்.

நானும் ஒரு ஃபெரன் வாங்கினேன் (விலையை அம்மாவுக்குக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன், இங்கே எழுதினால் மாட்டிக்கொள்வேன்). போட்ட அன்றே காங்கிடியைச் சாய்த்துப் பிடித்து, கம்பளி பொசுங்குகிற நாற்றம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு ஓட்டை. ஆன்ட்டி திட்டுவார் என்று பார்த்தால், தன் ஃபெரனைத் தூக்கி உள்ளே போட்டிருந்த 'பூட்ஸ்' என்கிற பருத்தி உள்ளங்கியைக் காட்டினார். அதில் பழுப்பாக ஐந்தாறு வட்டங்கள். ஒவ்வொன்றும் எந்த வருஷம் என்று அவருக்கு நினைவிருந்தது.

நான் போயிருந்த வாரம் அந்த வீட்டில் ஒரு பெரிய இடமாற்றம் நடந்துகொண்டிருந்தது. கோடையில் மேல்மாடி, குளிரில் தரைத்தளம் - இதுதான் பழைய காஷ்மீரி வீடுகளின் நடைமுறை. காற்றுக்காகச் சன்னல் நிறைந்த மாடி. குளிருக்குத் தடித்த சுவரும் தாழ்ந்த கூரையும் உள்ள கீழறை. மெத்தை, பஞ்சடைத்த ரஜாய், கம்பளியை அழுத்தி விரிப்பாக்கிய நம்தா, பழைய போர்வைகளை ஒட்டித் தைத்து மேலே பூவேலை செய்த கப்பா எல்லாம் படியிறங்கின. நானும் இரண்டு நடை சுமந்தேன். பூத்தட்டியாக இழைத்த மரச்சன்னல்களை அவர்கள் 'பிஞ்சரா' என்கிறார்கள். முன்பெல்லாம் குளிருக்கு முன் அதன்மேல் காகிதம் ஒட்டுவார்களாம். இப்போது பாலித்தீன் தாள். அழகு கெடுகிறதுதான். ஆனால் இரவில் 4 டிகிரி குளிரில் படுத்துவிட்டு அழகைப் பற்றிப் பேச எனக்குத் தைரியமில்லை.

சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபதே கதல், ஆலி கதல் பக்கம் நடந்தால் ('கதல்' என்றால் பாலம்) இரண்டு விதமான சுவர் கண்ணில் படும். ஒன்று 'தஜ்ஜி தேவாரி': மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் சாய்வாகவும் அடித்து, இடைவெளிகளில் செங்கல்லோ கல்லோ வைத்து மண் பூசியது. ஒட்டுத்துணி தைத்த மாதிரி இருக்கும். தஜ்ஜி என்ற சொல்லே ஒட்டுத்துணியைக் குறிப்பதுதான். இன்னொன்று 'தாக்': செங்கல் தூண்களுக்கு நடுவே தளத்துக்குத் தளம் மரக்கட்டைகளை இடுப்புக்கயிறு போலச் சுற்றிக் கட்டியது. நிலநடுக்கம் வந்தால் இந்தச் சுவர்கள் விறைத்து நிற்காமல் கொஞ்சம் ஆடிக்கொடுக்கும். 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்துக்குப் பிறகு பொறியாளர்கள் மறுபடி இவற்றைத் திரும்பிப் பார்த்தார்கள். கோணி நிற்கிற ஒரு மூன்று மாடி வீட்டைக் காட்டி, விழுந்துவிடாதா என்று ஒரு கடைக்காரரைக் கேட்டேன். "என் தாத்தாவும் அப்படித்தான் கேட்டார்" என்றார்.

ஜீலம் கரையில் கான்காஹ்-இ-மௌலா என்கிற சூஃபி தொழுகைத்தலம். முதலில் கட்டியது 1395-இல். தீயில் போய், இப்போது நிற்பது 1732-இல் எழுப்பியது. பெண்கள் உள்ளே போக முடியாது. வாசலிலிருந்து எட்டிப் பார்க்கலாம். எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன். எட்டிப் பார்த்த அளவில் சுவரும் கூரையும் காகிதக்கூழ்க் கலைப் பூக்களால் மூடிக் கிடந்தன.

அதே வேலையை அருகில் உட்கார்ந்து பார்க்க ஸ்ரீநகரின் சடிபல் பகுதிக்குப் போனேன். காகிதத்தை நாள்கணக்கில் ஊறவைத்து, இடித்து, அரிசிக்கஞ்சிப் பசை சேர்த்து, அச்சின்மேல் அப்பி, காய்ந்ததும் இரண்டாக அறுத்துக் கழற்றி மறுபடி ஒட்டுகிறார்கள். அது 'சக்த்சாஸி'. அதன்மேல் வண்ணம் தீட்டுவது 'நக்காஷி', வேறு ஆள், வேறு வீடு. நான் பார்த்த பெரியவர் மடியில் தட்டு நிறைய உருண்டைகள், எல்லாம் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குபவை. ஐரோப்பாவுக்குப் போகிறதாம். அதில் அவர் வரைந்துகொண்டிருந்தது சினார் இலை. ஒரே இலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு. நரம்பை மட்டும் பொன்னிறத்தில், மூச்சை நிறுத்திக்கொண்டு, ஒரே இழுப்பு. வெளியே மரத்தைப் பார்த்து வரைவீர்களா என்று கேட்டேன். சன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். "கை பார்த்திருக்கிறது" என்றார்.

பாம்பூரில் குங்குமப்பூ வயலையும் பார்த்தேன். விடியலில் ஊதாப் பூக்களைக் கொய்து, வீட்டில் உட்கார்ந்து மூன்று சிவப்பு இழைகளைப் பிரிக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூ வேண்டும். இதைப் பற்றி எழுதாதவர் கிடையாது, விடுகிறேன்.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஆன்ட்டியின் மாடி முகப்பு. கயிற்றில் மாலை மாலையாக சுரைக்காய் நாடா, நடுவில் துளையிட்டுக் கோத்த டர்னிப் வட்டங்கள், பிளந்து தொங்கவிட்ட கத்திரிக்காய், பாயில் சுருங்கிய தக்காளி. மொத்தமாக 'ஹோக் ஸ்யுன்', காய்ந்த காய்கறி. பனியில் மலைப்பாதை அடைபட்டு வெளியிலிருந்து எதுவும் வராத நாள்களுக்கான சேமிப்பு. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை, 'சில்லை கலான்' என்பார்கள், இவற்றை வைத்துத்தான் ஓட்டினார்களாம். இன்று சுரங்கப்பாதை இருக்கிறது, ரயிலும் வந்துவிட்டது, ஆனாலும் உலர்த்துகிறார்கள். பக்கத்திலேயே நடுவில் ஓட்டை போட்ட சிவப்பு மசாலா வில்லைகள். பெயர் 'வேர்'. மிளகாயும் பூண்டும் சின்ன வெங்காயமும் மற்ற மசாலாவும் இடித்துத் தட்டி வெயிலில் காயவைத்தது. நம் தாளிப்பு வடகத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.

வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். "ஏண்டி, இலை பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வத்தலைக் காட்டுற?" என்றாள். அப்புறம் அரைமணி நேரம் போனை ஆன்ட்டியிடமிருந்து வாங்க முடியவில்லை. ஒருவர் தமிழ், ஒருவர் காஷ்மீரி. காயைத் தூக்கிக் காட்டிக் காட்டியே பேசி முடித்தார்கள்.

அன்றிரவு ஆன்ட்டி சுரைக்காய் வத்தலை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கடுகெண்ணெயில் ஆட்டுக்கறியோடு சமைத்தார். சோம்புப்பொடி, சுக்குப்பொடி, ஒரு துண்டு 'வேர்' வில்லை. சூடான சோறு. காஷ்மீரிகளும் நம்மைப் போல இரண்டு வேளையும் சோற்று ஆட்கள். விடிந்தால் தெருமுனை காந்துர் என்கிற ரொட்டிக்கடைக்காரரிடமிருந்து கிர்தா ரொட்டியும், உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நூன் சாயும். அந்தத் தேநீர் எனக்கு நாலாவது நாள்தான் பிடிபட்டது.

கிளம்பும்போது ஒரு மாலை சுரைக்காயைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைப் புளி கரைத்து வத்தக்குழம்பில் போட்டாள். வெளியே ஐப்பசி மழை. ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உப்பே இல்லையே. மோர்ல ஊறப் போட்டுக் காயவைக்கணும்னு அந்தம்மாவுக்குச் சொல்லு. போனைப் போடு, நானே சொல்றேன்."