டெக் ஷீட் தளம்: தொய்வு பெரும்பாலும் கலவை கொட்டும் அன்றே வந்துவிடும்

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய கடைகளில் மேலே ஒரு தளம் ஏற்ற வேண்டுமென்றால், கீழே வியாபாரம் நடந்துகொண்டிருக்கும். முட்டுக் கொடுக்க இடம் கிடைக்காது. அதனால் இரும்பு பீம் வைத்து, டெக் ஷீட் (நெளிவுள்ள இரும்புத் தகடு) விரித்து, அதன்மேல் காங்கிரீட் போடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் தொய்வைக் கணக்கிடும்போது பலர் இறுகிய தளத்தை மட்டும் பார்த்து, ‘ரெண்டு மில்லிகூட இறங்காது’ என்று முடித்துவிடுகிறார்கள். முட்டு இல்லாத தளத்தில் ஈரக் கலவையின் முழு எடையையும் தாங்குவது வெறும் தகடு. அன்று இறங்கியது, காங்கிரீட் இறுகியதும் அப்படியே நின்றுவிடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். தகடு 1 மி.மீ. தடிமன், 50 மி.மீ. உயரம். கம்பெனி அட்டவணையில் அதன் ‘ஐ’ மதிப்பு (குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) மீட்டர் அகலத்துக்கு 60 செ.மீ.⁴ என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தளம் 125 மி.மீ.; நெளிவில் பாதி காலி என்பதால் சராசரி காங்கிரீட் 100 மி.மீ. தகட்டையும் சேர்த்து சதுர மீட்டருக்கு 2.6 கிலோநியூட்டன். பீமுக்குப் பீம் 2.5 மீட்டர், ஒற்றை ஸ்பான் (இரு முனையில் மட்டும் தாங்கல்). தொய்வுக்கான வழக்கமான 5/384 சூத்திரத்தில் போட்டால் 11 மி.மீ. இரும்பும் காங்கிரீட்டும் சேர்ந்த கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு யூரோகோட் 4 சொல்லும் ஸ்பான்/180 வரம்பு 13.9. தேறிவிடுகிறது.

அதே தகட்டை 3 மீட்டருக்குப் போட்டால்? நீளம் நான்காம் அடுக்கில் வருவதால் தொய்வு 23 மி.மீ. ஆகிறது, வரம்போ 16.7. இன்னொரு தொல்லையும் உண்டு. கொத்தனார் நூல் மட்டத்துக்கே மேற்பரப்பை இழுப்பார். நடுவில் பள்ளமான இடத்தில் கூடுதல் கலவை போய்ச் சேரும். அந்த எடையில் தகடு இன்னும் இறங்கும். தொய்வு தளத்தின் கனத்தில் பத்தில் ஒரு பங்கை, இங்கே 12.5 மி.மீ.யை, தாண்டினால் தொய்வின் 0.7 மடங்கு கனத்தைத் தளம் முழுக்கச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 23-க்கு 16 மி.மீ.; சதுர மீட்டருக்கு 0.4 கிலோநியூட்டன் கூடுதல்.

இறுகிய பிறகு கதையே வேறு. எம்25 தரக் காங்கிரீட்டுக்கு ஈ மதிப்பு (மீள்மை எண், நியூட்டன்/மி.மீ.²) 25,000. இரும்போடு விகிதம் 8. 28 நாளில் சுமை ஏறினால் இந்தியக் காங்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456-இன் க்ரீப் எண் (நீடித்த சுமையில் காங்கிரீட் மெல்ல மெல்ல உருமாறுவதன் அளவு) 1.6, ஈ 9,600-க்கு இறங்கி விகிதம் 20.8 ஆகும். சராசரி 14.4. விரிசல் விட்ட குறுக்குவெட்டுக்கு ‘ஐ’ சுமார் 650, விரிசலில்லாததற்கு 1,080. இரண்டின் சராசரி 865 செ.மீ.⁴. வெறும் தகட்டைப்போல 14 மடங்கு! 2.5 மீட்டரில் தரைப்பூச்சும் ஆள் நடமாட்டமும் சேர்ந்து 5.5 கிலோநியூட்டன் ஏறினாலும் 1.6 மி.மீ.தான்.

ஆகவே 3 மீட்டர் என்றால் கடையைச் சில நாள் மூடியாவது நடுவில் ஒரு வரிசை முட்டு கொடுங்கள். முட்டைப் பிரித்த பின் மொத்தச் சுமைக்கும் 5 மி.மீ.தான் வரும். தகட்டின் நெளிவில் நேராக முட்டுக்கட்டையை நிறுத்தினால் அந்த இடம் நசுங்கும். நெளிவுக்குக் குறுக்கே 100 மி.மீ. அகலச் சட்டம் வைத்து அதைத் தாங்குங்கள். 4.5 மீட்டர் வரை 7 நாளில் முட்டை எடுக்க ஐ.எஸ். 456 இடம் தருகிறது. ஆனால் 7 நாளில் சுமை ஏறினால் க்ரீப் எண் 2.2. தொய்வை நினைத்தால் கூடுதல் நாள் நிற்கட்டும். முட்டு கொடுத்த தளத்தில் முட்டுக்கு மேலும் பீமுக்கு மேலும் விரிசல் வரும். நெளிவுக்கு மேலுள்ள காங்கிரீட் பரப்பில் 0.4 சதவீதம் கம்பி வலை போடுங்கள். முட்டில்லாததற்கு 0.2 போதும்.

பீமின் தொய்வையும் மறக்க வேண்டாம். துணை பீம் 8 மி.மீ. இறங்கினால் தளமும் அதோடு இறங்கும்.

கலவை கொட்டும்போது ஒரு கம்பியில் 125 மி.மீ.க்குக் கோடு போட்டு, நெளிவின் பள்ளத்தில் குத்திப் பாருங்கள். பீம் ஓரத்தில் ஒரு குத்து, நடு ஸ்பானில் ஒரு குத்து. நடுவில் கோடு மூழ்கினால், எத்தனை மில்லி மூழ்கியதோ தகடு அத்தனை மில்லி இறங்கியிருக்கிறது.