பொம்மிலான் எங்கே துவிண்டான்?

“பொம்மிலான் கடும்பரையில் துவிண்டான். அவன் துவிண்டபோது மூன்று சிக்கலிகள் பறிங்கின.” பொம்மிலான் எங்கே துவிண்டான்? எத்தனை சிக்கலிகள் பறிங்கின? இரண்டுக்கும் விடை எழுதிவிடலாம், முழுப் புள்ளியும் கிடைக்கும், பொம்மிலான் ஆளா மாடா என்றுகூடத் தெரியாமலே.

இந்த இரண்டு வரியையும் ஒருநாள் துண்டுத்தாளில் எழுதி ஆசிரியர் அறை மேசையில் வைத்தேன். விஞ்ஞான சேர் பார்த்த உடனேயே “கடும்பரையிலை, மூண்டு” என்று சொல்லிவிட்டு, அதுக்குப் பிறகுதான் “உது என்ன ரீச்சர், ஆர் உவன்?” என்று கேட்டார். நான் ஒவ்வொரு தவணையும் பிள்ளைகளுக்கு வைக்கிற ஆங்கில வாசிப்புப் பரீட்சை இதுதான் சேர் என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

நான் வன்னிக்கு ஆங்கில ஆசிரியையாக வந்தது 2013இல். சொந்த ஊர் யாழ்ப்பாணம். நியமனம் கிடைத்தது பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இறங்கி உள்ளே போகிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு. கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்கி, காலை பஸ்சில் போய், இறங்கிய இடத்திலிருந்து யாராவது சைக்கிளில் ஏற்றினால் ஏறி, இல்லாவிட்டால் நடந்து போவேன். தகரக் கூரை, அரைச் சுவர், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில் ஒரு தட்டி. இந்தக் கூரையும் சுவரும் பிறகு தேவைப்படும், அதுதான் சொல்லி வைக்கிறேன்.

பிள்ளைகள் தரம் 3இலிருந்தே ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து வருகிறவர்கள், அப்படிப் பார்த்தால் தரம் 9 பிள்ளைக்கு அது ஏழாவது வருடம். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளுடைய ஏழு வருடத்தை அப்படி எண்ண முடியாது. 2008இலும் 2009இலும் அவர்கள் எந்தெந்த மரத்துக்குக் கீழே இருந்தார்கள், பிறகு எந்த முகாமில் எத்தனை மாதம் என்றுதான் எண்ண வேண்டும். இருந்தாலும் வாசிப்புப் பகுதியில் பலர் பரவாயில்லாத புள்ளி எடுத்தார்கள். நானும் முதல் தவணை சந்தோஷப்பட்டேன், உள்ளதைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் வகுப்பில் ஒரு பிள்ளை மற்றவளுக்குச் சொல்லிக்கொடுப்பது காதில் விழுந்தது. “ஹூ எண்டால் கப்பிட்டல் எழுத்தைத் தேடு. வென் எண்டால் இலக்கம். வை எண்டால் பிகாஸ் எங்கை கிடக்கு எண்டு பார், அதிலையிருந்து முற்றுப்புள்ளி வரைக்கும் அப்பிடியே எழுது.” ரியூசனில் சொல்லிக்கொடுத்தார்களாம். கோபம் வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் பிழை அந்தப் பிள்ளையில் இல்லை. அந்த உத்தி வேலை செய்கிற மாதிரி வினாத்தாள் செய்தது நாங்கள்தானே.

சரி, பார்ப்போம் என்று அடுத்த பந்தியை நானே எழுதினேன். இரணைமடுக் குளத்தைப் பற்றி. குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்தது, ஆகவே விவசாயிகள் சிறுபோகம் (குளத்து நீரில் செய்கிற கோடைப் பயிர்) விதைக்கவில்லை, இந்த முதல் வசனத்தில் ‘ஸோ’ போட்டேன். அடுத்த வசனத்தில், உரம் பிந்தி வந்தபடியால் அவர்கள் கோபமாக இருந்தார்கள், அங்கே ‘பிகாஸ்’. கேள்வி: ஏன் சிறுபோகம் விதைக்கவில்லை? 34 பேரில் 25 பேர் உரம் பிந்தி வந்தபடியால் என்று எழுதினார்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, பார்த்து எழுதியதுதானே.

இதில் இன்னொரு கூத்து. மீதி ஒன்பது பேர் சரியாக எழுதியிருந்தார்கள், ஆனால் அதில் நாலைந்து பேர் பந்தியை வாசிக்கவே இல்லை என்று எனக்குப் பிறகு தெரியவந்தது. ஒரு பெடியனிடம் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால், “குளத்திலை தண்ணி இல்லாட்டி ஆர் ரீச்சர் சிறுபோகம் செய்வினம்?” என்கிறான். தகப்பன் கமம் செய்கிறவர். உள்ளூர் விசயங்களை வைத்துப் பரீட்சை வையுங்கள், பிள்ளைகளுக்கு விளங்கும் என்று கருத்தரங்குகளில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். உள்ளூர் விசயம் என்றால் அதை வாசிக்காமலே விடை எழுதலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்காக லண்டன் சுரங்க ரெயிலைப் பற்றிப் பந்தி கொடுத்தால் அது ஆங்கிலத்தைச் சோதிக்காது, லண்டனைச் சோதிக்கும். இரண்டுக்கும் நடுவில், பிள்ளைக்குத் தெரிந்த உலகத்தில் பிள்ளைக்குத் தெரியாத ஒரு சம்பவத்தை நாங்களே உண்டாக்கி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாடு தொலைந்தது, சனிக்கிழமை கோயிலுக்குப் பின்னால் கிடந்தது, அதற்குள் வீட்டுக்காரர் யார் யாரோடு சண்டைபிடித்தார் என்கிற மாதிரி. எந்தக் கமக்காரன் பிள்ளையாலும் அதை ஊகிக்க முடியாது.

சொல் தெரியாத பிரச்சினை தனி. ஒரு பந்தியின் சொற்களில் 98 வீதம் தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் வாசித்து நன்றாக விளங்கிக்கொள்ளலாம் என்று 2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள், அதாவது ஐம்பது சொல்லில் ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். 200 சொல் உள்ள பந்தி ஒன்றைக் கொடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் கீழே கோடு போடச் சொன்னேன். முன்வாங்கில் இருக்கிற, எழுத்து முத்து முத்தாக எழுதுகிற பிள்ளையின் தாளில் எண்ணினேன், 41 கோடு. ஐந்தில் ஒன்று. அந்தப் பிள்ளை அதே பந்திக்கு 20க்கு 15 எடுத்திருந்தது. பொம்மிலான் துவிண்ட கதை எனக்கு வந்தது அன்றைக்குத்தான்.

கேட்டலுக்கு வருகிறேன். தரம் 11 முடிவில் எடுக்கிற சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாளில் அப்போது கேட்டல் பகுதி இருக்கவில்லை. எல்லாம் எழுத்து. ஆகவே கேட்டலைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை, பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் ஏதோ ஒரு புள்ளியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. நான் கல்லூரியில் படித்து வந்த புதுசு வேறு. போனில் ஒலிப்பதிவுகளை இறக்கி, பற்றரியில் ஓடுகிற ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு போனேன்.

முதலாவது, ரெயில் நிலைய அறிவிப்பு. யாழ்தேவி ரெயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்ததே அந்த வருடம் செப்டம்பரில், 23 வருடத்துக்குப் பிறகு. நான் பரீட்சை வைத்தது அதற்கு முன்னம். பிளாட்ஃபோர்ம் மாறியதைக் கேட்டு எழுத வேண்டிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ரெயிலையே நேரில் கண்டதில்லை. அடுத்தது விமான நிலையம். ‘போர்டிங்’ என்று பெண்குரல் சொல்கிறது. ஒரு பிள்ளை தாளில் அந்தப் பயணிகள் எல்லோரும் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் போர்டிங் என்றால் வேறென்ன? ரீச்சர்மார் தங்குகிற வீடு. நானே போர்டிங்கில்தான் இருந்தேன். அரைப் புள்ளி போட்டேன், மனச்சாட்சிக்கு.

பிறகு ஒலிப்பதிவை விட்டுவிட்டு நானே வாசித்தேன். புள்ளிகள் சட்டென்று ஏறின. அடடா, உச்சரிப்புத்தான் பிரச்சினை, எங்கள் குரல் என்றால் விளங்குகிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தேன். தவணை முடிகிற நேரம் ஒரு பிள்ளை வெள்ளை மனதோடு சொல்லிற்று: “ரீச்சர், நீங்கள் விடை வாற இடத்திலை கொஞ்சம் நிண்டு எங்களைப் பாப்பியள்.” நான் நின்று பார்ப்பேனாம். புருவமும் ஏறுமாம். அவர்கள் என் முகத்தை வாசித்திருக்கிறார்கள், நான் அதற்குக் கேட்டல் என்று புள்ளி போட்டிருக்கிறேன்.

மூன்றாம் தவணைக்குத் திரும்பவும் ஸ்பீக்கர். கார்த்திகை மாதம், மாரி மழை. வெளிநாடு போகிறவர்கள் எடுக்கிற ஐஎல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சையில் கேட்டலுக்கு 40 கேள்வி, ஏறக்குறைய அரை மணித்தியாலம், ஒருதரம்தான் போடுவார்கள். கேம்பிரிட்ஜின் ஏ2 கீ மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளும் எடுக்கிற சோதனைகளில் இரண்டுதரம். நான் ஏழுதரம் போட்டேன். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ஸ்பீக்கர் வாயசைப்பது மாதிரி இருந்தது. மழை விட்டால் தட்டிக்கு அந்தப் பக்கம் தரம் 6 வாய்ப்பாடு சொல்கிறது. அதுவும் ஓய்ந்தால் வெளியே மயில் கத்துகிறது. ஏழாவது தரம் போட்டு முடிந்ததும் யாரும் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பழக்க தோசம், புருவத்தைத்தான்.

அந்தத் தாள்களைத் திருத்தும்போதுதான் ஒரு பெடியனின் புள்ளி உறுத்தியது. வாசிப்பில், அதுவும் மாடு தொலைந்த பந்தியில், 20க்கு 17. கேட்டலில் 3. மழையைச் சொல்லலாம், மழை எல்லோருக்கும்தானே பெய்தது. முந்திய தவணைத் தாள்களைத் தேடி எடுத்தேன். ரெயிலில் 2, விமானத்தில் 4, நான் வாசித்தபோது மட்டும் 14. கவனமில்லாத பிள்ளை என்று முன்னேற்ற அறிக்கையில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அவன் எப்போதும் வலப்பக்கச் சுவரோரம், கடைசிக்கு முந்தின வாங்கில் இருப்பான். ஸ்பீக்கரை நான் வைப்பது இடப்பக்க மேசையில், அங்கேதான் கரும்பலகை அலுமாரி இருக்கிறது. ஒருநாள் பக்கத்தில் போய், ஏன் எப்பவும் இந்தப் பக்கம் இருக்கிறாய் என்று கேட்டேன். தலையைத் திருப்பி வலது காதை எனக்குக் காட்டி, “என்ன ரீச்சர்?” என்றான். அப்போதும் எனக்கு விளங்கவில்லை, எங்கள் படிப்பு அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவன்தான் சொன்னான். “அவனுக்கு இடது காது கேளாது ரீச்சர். ஷெல் பக்கத்திலை விழுந்தது.” நடந்து நாலரை வருடமாகிவிட்ட விசயம். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் யாரும் சொல்லவில்லை. நல்ல காதை வகுப்புப் பக்கம் வைக்கத்தான் வலப்பக்கம் இருக்கிறான் என்று நினைத்தால், அதுவுமில்லை, நல்ல காது சுவர்ப்பக்கம்தான் இருந்தது. ஏன் அங்கே இருக்கிறாய் என்று திரும்பக் கேட்டேன். அங்கே இருந்தால் வலப்பக்க அரைச் சுவருக்கு வெளியே மைதானச் சத்தம் கேட்குமாம். விளையாட்டு விசர்.

தமிழில் எங்களுக்குக் கேட்டல் என்று ஒரே சொல். காதில் விழுவதும் அதுதான், விழுந்ததை விளங்கிக்கொள்வதும் அதுதான். நான் இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டு 20க்குப் புள்ளி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் கேட்டலை மாற்றினேன். பரீட்சைக்கு முந்தின கிழமை வெறும் சொற்களைச் சொல்லி யாருக்குக் காதில் விழுகிறது என்று பார்த்தேன். ஸ்பீக்கர் நடுவுக்கு வந்தது. குரலுக்கு அறையில் கூட இருந்த ரீச்சரின் குரலைப் பதிந்தேன், அவவின் முகம் ஸ்பீக்கரில் தெரியாது. கேள்விகளைத் தமிழில் எழுதினேன், விடையும் தமிழில் எழுதலாம் என்றேன். ஆங்கிலத்தில் கேள்வி இருந்தால் அதை வாசிக்கத் தெரியாத பிள்ளை கேட்டதும் வீண், அது திரும்ப வாசிப்புப் பரீட்சையாகிவிடும். சில கேள்விக்கு எழுத்தே இல்லை, பரந்தன் சந்தியிலிருந்து ஒரு வீட்டுக்குப் போகிற வழியைக் கேட்டு, கீறிய வரைபடத்தில் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். “இங்கிலிஷ் சோதினையிலை தமிழ் எழுத விடுறியளோ ரீச்சர்?” நான் விளக்கினேன். எழுதுவதைச் சோதிக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் எழுதட்டும், கேட்டது விளங்கியதா என்று சோதிக்கிற இடத்தில் எந்த மொழியில் சொன்னால் என்ன என்றேன். “ஆங்கிலத்தைத் தமிழிலை படிப்பிச்சால் எப்ப பிள்ளை இங்கிலிஷ் கதைக்கிறது?” என்று கேட்டுவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது படிப்பிக்கிறதுக்கான கேள்வி, நான் செய்தது அளக்கிறது. இதை அவரிடம் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, பஸ்சில் வரும்போதுதான் வந்தது.

அந்தத் தவணை பெடியனை வலப்பக்கத்திலிருந்து எழுப்பி இடப்பக்கச் சுவரோரம் இருத்தினேன், நல்ல காது ஸ்பீக்கர் பக்கம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் இருந்தான். 15 கேள்வியில் 12 சரி. வரைபடத்தில் கோடு நேராக வீட்டுக் கேற்றுக்கே போயிருந்தது. பிழைத்த மூன்றில் ஒன்று, கடைக்காரர் வர முடியும் என்றாரா முடியாது என்றாரா என்ற கேள்வி. பதிவில் அந்த ரீச்சர் எதையோ கேட்டுப் பழகி அமெரிக்கக்காரர் மாதிரி ‘கேன்ட்’ என்று சொல்லி, கடைசி ‘ட்’டை விழுங்கியிருந்தா. எங்கள் பிள்ளைகளுக்கு முடியாது என்றால் நீட்டிச் சொல்கிற ‘கான்ட்’தான். வகுப்பில் 30 பேர் முடியும் என்று எழுதியிருந்தார்கள், அவனும் அதைத்தான் எழுதியிருந்தான்.