மண்ணடிக்கு வந்த யேனா லென்ஸ்

மண்ணடி ஸ்டுடியோ பாய் என்னிடம் கொடுத்திருக்கும் லென்ஸின் முன்வளையத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'டி 2.8/50 அவுஸ் யேனா'. 2.8 துளையளவு, 50 மி.மீ. குவியத்தூரம். யேனா, ஜெர்மனியில் கார்ல் ஜெய்ஸ் லென்ஸ் ஆலை இருந்த ஊர்; போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. பக்கத்தில் 7-ல் தொடங்கும் ஏழு இலக்க எண். கம்பெனி பெயர் கிடையாது. விலை பேச வந்த ஒருவர், "பேரே இல்ல, டூப்ளிகேட்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாய்க்கு அது மனசில் தங்கிவிட்டது.

"எங்க அத்தா கப்பல்ல வேலை பார்த்தவர் ஒருத்தர்கிட்ட வாங்கினது தம்பி. இதுல எத்தனை கல்யாணம் எடுத்திருக்கார்! நீதான் தினமும் பெட்டியப் பார்த்து ஊர் சொல்றவனாச்சே, இதுக்கும் சொல்லு."

நான் வேலை பார்ப்பது கிளியரிங் ஏஜென்சியில். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் துறைமுகத்துக்கும் நடப்பதே பாதிப் பிழைப்பு. ஒரு சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காகிதம் ஒன்று சொல்லும், பெட்டி ஒன்று சொல்லும், உள்ளே இருக்கும் பொருள் ஒன்று சொல்லும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பழைய லென்ஸையும் நான் அப்படித்தான் பார்ப்பேன். எழுத்தைக் கடைசியில்தான் படிப்பது.

முதலில் உடம்பு. பின்பக்கம், கேமராவில் திருகி மாட்டுவதற்கு 42 மி.மீ. மரை, எம்42 என்பார்கள். இந்த மரை 1949-ல் டிரெஸ்டனில் தயாரான காண்டாக்ஸ் எஸ் கேமராவோடு பரவியது. பிறகு கிழக்கு ஜெர்மன் பிராக்டிகா, ஜப்பான் பென்டாக்ஸ் கேமராக்கள் எல்லாம் அதையே எடுத்துக்கொண்டன. அதனால் மரையை மட்டும் வைத்து ஊர் சொல்ல முடியாது. மேற்கு ஜெர்மனியின் ஜெய்ஸ் ஐகான்கூட இகாரெக்ஸ் என்ற கேமராவை இதே மரையில் விற்றது, அதற்கும் 2.8/50 அளவில் டெஸ்ஸார் என்ற ஜெய்ஸ் லென்ஸ் உண்டு. ஆனால் பாயின் லென்ஸில் வளையங்கள் கறுப்பும் வெள்ளியுமாக வரிவரியாக இருக்கின்றன. சேகரிப்பவர்கள் 'ஜீப்ரா' என்பார்கள். 1960-களில் கிழக்கு ஜெர்மன் லென்ஸ்கள் பலவும் இந்தச் சட்டையில்தான் வந்தன. 7-ல் தொடங்கும் யேனா எண்ணும் அதே பத்தாண்டின் நடுப்பகுதியைத்தான் காட்டுகிறது.

அடுத்து கண்ணாடி. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சை லென்ஸின் முன்னால் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், உள்ளே வெளிச்சப் பொட்டுகள் தெரியும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஒரு பொட்டு தரும். மூன்று தனிக் கண்ணாடிகள் மட்டும் உள்ள டிரிப்லெட் வகை என்றால் ஆறு பொட்டு. கிழக்கு ஜெர்மனியின் கெர்லிட்ஸில் செய்த டோமிபிளான் லென்ஸ் அப்படி. டெஸ்ஸாரில் கண்ணாடி நான்கு. கடைசி இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. ஒட்டிய இடத்தில் காற்று இல்லை. ஆகவே பிரகாசமான ஆறோடு, தேடினால் மட்டும் அகப்படும் மங்கலான ஏழாவது ஒன்று வரும். பாயின் லென்ஸில் டார்ச்சை மெல்ல நகர்த்தியபோது, ஊதாப் பொட்டுகளுக்கு நடுவே அந்த ஏழாவது, தூசி மாதிரி, எதிர்த்திசையில் ஊர்ந்தது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

சரி, நான்கு கண்ணாடி இருந்தால் மட்டும் யேனா ஆகிவிடுமா? ஆகாது. 1902-ல் ஜெய்ஸில் பால் ருடால்ஃப் கணக்கிட்டுச் செய்த அமைப்பு அது. காப்புரிமை முடிந்த பிறகு உலகமே அதைப் பின்பற்றியது, சோவியத் இண்டஸ்டார் லென்ஸ் உட்பட. அதனால்தான் உடம்பையும் கண்ணாடியையும் சேர்த்துவைத்து, அப்புறம் எழுத்துக்கு வருகிறேன்.

1945 ஏப்ரலில் யேனாவுக்குள் முதலில் வந்தது அமெரிக்கப் படை. ஒப்பந்தப்படி ஊரை சோவியத்திடம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, ஜெய்ஸின் முக்கிய விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையும் தெற்கே கூட்டிப்போனார்கள். அவர்கள் ஓபர்கோகன் என்ற ஊரில் புது ஆலை தொடங்கினார்கள். யேனா ஆலையின் இயந்திரங்களில் பெரும்பகுதியை சோவியத் பெயர்த்து எடுத்துப்போனது. இருந்தும் மீதி இருந்தவர்கள் அங்கேயே உற்பத்தியை மறுபடி நிமிர்த்தினார்கள். 1948-ல் ஆலை மக்கள் உடைமையானது. அப்புறம் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என ஒரே பெயருக்கு இரண்டு கம்பெனிகள், பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு. 1971-ல் லண்டனில் உடன்பாடு செய்துகொண்டு சந்தைகளைப் பிரித்துக்கொண்டார்கள்.

'கார்ல் ஜெய்ஸ்' என்று போட முடியாத நாடுகளுக்கு யேனாக்காரர்கள் லென்ஸை அனுப்பியது இப்படித்தான்: கம்பெனி பெயரை எடுத்துவிட்டு 'யேனாவிலிருந்து' என்று மட்டும் போட்டார்கள், டெஸ்ஸார் என்பதை 'டி' என்று சுருக்கினார்கள். பழைய லென்ஸ்களில் சிவப்பு நிறத்தில் வரும் 'டி' வேறு. அது 1935-ல் ஜெய்ஸில் ஸ்மகுலா கண்டுபிடித்த பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சின் அடையாளம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆக, பெயர் இல்லாததுதான் இந்த லென்ஸுக்குச் சாட்சி. போலி செய்கிறவன் பெரிய பெயரைத்தான் பொறிப்பான். சோவியத் ஜூப்பிட்டர் லென்ஸ்மேல் 'ஜெய்ஸ் சோனார்' என்ற ஜெய்ஸ் லென்ஸ் பெயரைப் பொறித்து விற்பது இன்றும் நடக்கிறது. பெயரை விட்டுவிட்டு 'டி' என்று ஓர் எழுத்தைப் போட்டு அவனுக்கு என்ன லாபம்?

இன்னொன்றும் தோன்றுகிறது. கிழக்கு ஜெர்மனியோடு அன்று நமக்கு ரூபாயிலேயே வியாபாரம் இருந்தது. அங்கிருந்து வந்த ஆர்வோ பிலிம் தெரியாத பழைய ஸ்டுடியோக்காரர் உண்டா? வண்ணாரப்பேட்டை, ராயபுரம் ஸ்டுடியோக்களில் நான் பார்த்த யேனா லென்ஸ்களில் முழுப்பெயரும் இருந்தது. பாயின் லென்ஸில் மட்டும் இல்லை. அப்படியென்றால் இது நேராக மெட்ராஸுக்கு அனுப்பிய சரக்கு இல்லை. மேற்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் கடையில் வாங்கி, கப்பலில் கையோடு வந்திருக்க வேண்டும். ஊகம்தான், ஆனால் பாயின் அத்தா சொன்ன கதையோடு ஒட்டிப்போகிறது.

நிலைமை மோசமில்லை. ஃபோகஸ் வளையத்தில் கிரீஸ் இறுகியிருக்கிறது, இந்த வகை லென்ஸ்களில் அது சகஜம். பின் கண்ணாடி ஓரத்தில் நூலளவு பூஞ்சை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தோல் உறைக்குள் பூட்டிவைத்தால் பிடிக்காமல் என்ன செய்யும்! உறையை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

விற்கப்போவதில்லை என்கிறார் பாய். கிரீஸ் மாற்றிக் கொடுத்ததும் பேத்தியின் டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டப் போகிறாராம். உங்கள் வீட்டுப் பரணில் 'பி 2/58 யேனா' என்று எழுதிய லென்ஸ் கிடந்தால் தயவுசெய்து பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த 'பி', பயோட்டார் என்ற இன்னொரு யேனா லென்ஸின் சுருக்கம்.