கோட்டுக்கு வெளியே

"மறுபடியும் அள்ளிக்கிட்டு ஓடணுமா, தம்பி?"

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து பீனிக்ஸில் ஓடைக்கரை வீட்டு ஆயா கேட்டார். 1976 வெள்ளம் ஸ்ப்ரிங்ஃபீல்டின் தகரக் குடிசைப் பகுதியான டின் டவுனை அடித்துப்போனபின் இங்கே குடியேற்றப்பட்டவர். "வேணாம் ஆயா, உங்க வீடு கோட்டுக்கு வெளிய இருக்கு" என்றேன்.

வெள்ள வரைபடத்தின்படி அது பொய் இல்லை. நூறாண்டு வெள்ளக் கோட்டைவிட அவர் வீட்டுத் தரை 60 செ.மீ. உயரம். ஆனால் 'நூறாண்டு' என்றால் நூறு வருஷத்துக்கு ஒருமுறை என்று அவர் எடுத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. வருஷத்துக்கு 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள். 30 வருஷம் குடியிருந்தால் நாலில் ஒரு வாய்ப்பு. வயதானவரின் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று அன்று தோன்றியது.

கோடு பிறந்த கணக்கு இது: நீர்ப்பிடிப்பு 0.8 சதுர கி.மீ., வழிந்தோடும் பங்கு 0.6, மழை மணிக்கு 100 மி.மீ. மூன்றையும் பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 13 கன மீட்டர். கீழே சாலைக்கு அடியில் ஓடை போகும் 2.4க்கு 1.8 மீட்டர் கல்வெர்ட் அதைத்தான் தாங்கும். பிறகு மேட்டு வீடுகளெல்லாம் முற்றத்துக்கு சிமென்ட் போட்டன. பங்கு 0.75 ஆனது. மழையை 15 சதவீதம் கூட்டிப் போட்டால் 19. இரண்டும் கூடுவதில்லை, பெருகுகின்றன. அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். அதிலும் கல்வெர்ட் வாயில் ஒரு மெத்தையும் நாணல் கட்டும் சிக்கினால் போதும், சாலையே அணையாகிவிடும். தண்ணீர் பின்னோக்கி ஏறும். அடைப்பில்லாத வாயை வைத்துப் போட்ட கோடு இதைக் கண்டதே இல்லை.

2022 ஏப்ரலில் டர்பனின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. ஆயா வீட்டில் தண்ணீர் இரண்டாம் படியோடு நின்றது. நான் சொன்னது பலித்தது என்று சொல்லலாம். ஆனால் கல்வெர்ட் அடைத்திருந்தது. பக்கத்து வீட்டு மதில் சரிந்து, வெள்ளம் அந்தப் பக்கம் இறங்கியதால்தான் இந்த வீடு தப்பியது. பக்கத்து வீட்டாரும் கோட்டுக்கு வெளியேதான் இருந்தார்கள்.

நான் பார்த்த வரைபடம் சரியா, சொன்ன சொல் தவறா? இன்னும் பிரித்தறிய முடியவில்லை. கல்வெர்ட் வாயில் மூன்றில் ஒரு பங்கு அடைப்பு, 15 சதவீதம் கூடுதல் மழை என்று வைத்துக் கோட்டை மறுபடி போட்டாயிற்று. அது ஆயாவின் அடுப்படி வழியாகப் போகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.