அரை வெள்ளிக் காசும் அயர்லாந்துச் சட்டமும்

இங்கிலாந்தின் நார்ஃபக்கில் கோதுமை அறுத்த வயல் ஒன்றில், போன ஞாயிறு காலை, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலியெழுப்பும் மெட்டல் டிடெக்டரோடு நடந்தபோது, நான்கு விரற்கடை ஆழத்தில் பாதி வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்துப் பென்னி. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்க, 1247ஆம் ஆண்டில் காசின் பின்புறச் சிலுவையை விளிம்பு வரை நீட்டி அச்சிட்டார்கள். சனங்களோ அந்தச் சிலுவைக் கோட்டின் மீதே வெட்டிச் சில்லறையாக்கிக்கொண்டார்கள். என் உள்ளங்கையில் இருந்தது அப்படி ஒரு சில்லறை. ஏறக்குறைய ஏழரை நூற்றாண்டுகளாக யார் கையும் படாதது.

அதே வாரத்தில்தான், தொல்லியல் படித்த நண்பர் ஒருவர், மெட்டல் டிடெக்டரை இங்கும் தடை செய்துவிட வேண்டும் என்றார். அயர்லாந்தில் 1987 முதல் அரசின் அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடிக் கருவியோடு போவது குற்றம். அதுவே சரி என்பது அவர் வாதம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவருடைய கோபத்துக்குக் காரணம் உண்டு. பொருள் எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் பாதி வரலாறு போய்விடும். சர்ரேயில் வான்பரோ என்ற ரோமானியக் கோயில் தளத்தை 1980களில் கருவியோடு வந்தவர்கள் இரவோடு இரவாகச் சூறையாடினார்கள். 2015இல் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலப் புதையலைக் கண்டெடுத்த இருவர் அதை மறைத்து விற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்கிறார்கள். மீட்கப்பட்டவை முப்பது சொச்சம். அவர்களைச் சிறைக்கு அனுப்பியபோது நான் மகிழ்ந்தேன். அவர்கள் திருடர்கள். எங்கள் பொழுதுபோக்கு வேறு.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் வெங்காயத் தோட்டக்காரரின் மகன். கலப்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் அரைக் காசு கிடந்தது உழவு மண்ணில். ஆண்டுதோறும் டிராக்டர் கொழு புரட்டிப் போடும் அந்த மண்ணில் குலையாத அடுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. இன்னும் சில உழவுகளில் காசே நொறுங்கிவிடலாம். எடுக்காமல் விட்டால் அது பாதுகாக்கப்படும் என்று நினைப்பது வயலில் கால் வைக்காதவர்களின் நம்பிக்கை.

1980இல் தொல்லியலாளர்கள் கருவிக்காரர்களுக்கு எதிராகப் பெரிய பிரசாரமே நடத்தினார்கள். கருவிக்காரர்களும் திரண்டு எதிர்த்தார்கள். நார்ஃபக் மட்டும் அதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தது. டோனி கிரெகரி என்ற தொல்லியலாளர் கருவிக்காரர்களின் சங்கங்களுக்கே வந்து, எடுத்ததைப் பார்த்து, எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். திட்டாமல் கேட்டதால் சொன்னார்கள். பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிந்துவைக்க 1997இல் தொடங்கிய தேசியப் பதிவுத் திட்டத்தில் இன்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன.

1992இல் சஃபக்கின் ஹாக்ஸனில், விவசாயி தொலைத்த சுத்தியலைக் கருவியோடு தேடப்போனவருக்கு ரோமானியப் புதையல் தட்டுப்பட்டது. கொஞ்சம் தோண்டியதும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மிச்சத்தை, அது கிடந்த இடத்திலேயே வைத்துத் தொல்லியலாளர்கள் ஆராய்ந்து எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள். அந்தச் சுத்தியலும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்றிருந்தால் அந்த மனிதர் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?

எல்லாச் சட்டத்தையும் நான் எதிர்க்கவில்லை. 2010இல் கம்ப்ரியாவில் ஒரு ரோமானியக் குதிரைவீரரின் தலைக்கவசம் கிடைத்தது. தங்கமோ வெள்ளியோ அல்ல, வெண்கலம் என்பதால், அரசு உரிமை கோரக்கூடிய ‘புதையல்’ என்ற சட்ட வரையறைக்குள் அது வரவில்லை. ஏலத்தில் இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் போய்த் தனியார் கைக்குச் சென்றுவிட்டது. 2023இல் அந்த ஓட்டையை அடைக்கப் புதையலின் வரையறையை விரிவாக்கினார்கள். எங்கள் சங்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். நான் அதை வரவேற்றேன்.

அரைக் காசைப் பதிவு அலுவலரிடம் கொடுத்துவிட்டேன். தனிக் காசு என்பதால் கட்டாயம் இல்லை. ஆனாலும் வரைபடத்தில் இடம் குறித்தே கொடுத்தேன். வயல்காரர் அடுத்த மாதம் உழப்போகிறார். அதற்குள் இரண்டு ஞாயிறுகள் இருக்கின்றன. வேலியோரத் துண்டை இன்னும் நடந்து முடிக்கவில்லை.