மரவேலை அறைக்கு ஒரு பெட்டிப் படகு

இலங்கையின் வன்னியில் உள்ள எங்கள் பாடசாலையின் மரவேலை அறையில் பழகியவர்களுக்கு நேர்கோடு கைவந்த விஷயம். முதிரைச் சட்டத்துக்கு மூலைமட்டம் பிடிப்பது, துளையும் கழுந்தும் இடைவெளி தெரியாமல் பொருத்துவது, சீவுளியின் அலகை எவ்வளவு வெளியே தட்டினால் சுருள் மெல்லிதாக வரும் என்பது, இவையெல்லாம் பழைய மாணவர் பலருக்கு இன்றும் மறந்திருக்காது. வாங்கு, மேசை, கரும்பலகைத் தாங்கி, புத்தக இறாக்கை என்று அந்த அறையை விட்டு வெளியே போன எல்லாவற்றுக்கும் நான்கு மூலை இருந்தது. வளைவு படிப்பிக்கப்படவில்லை. வளைவு தெரிந்தவர்கள் முல்லைத்தீவு, அலம்பில், கொக்கிளாய்க் கரைகளில் வள்ளத்தோடு மல்லுக்கட்டியவர்கள்.

பாடசாலைக்கு என்ன அனுப்பலாம் என்ற பேச்சு வெளிநாட்டில் வாழும் பழைய மாணவரின் ஒன்றுகூடல்களில் வரும்போதெல்லாம் கணினியும் துடுப்பாட்ட மட்டையும்தான் முதலில் வாயில் வரும். மரத்தில் மாதிரிப் படகு கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டி ஒன்றிரண்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கையேடு, வெப்பமூட்டிய வீட்டில் இருந்து கட்டுகிறவருக்காக எழுதப்பட்டது. வன்னியின் வறண்ட கச்சான் காற்றும் மாரி மழையும் அதில் இல்லை. ஆகவே அந்த அறையையும் அந்தக் காலநிலையையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

பெட்டி இல்லாத காலத்திலும் அங்கே படகு இருந்தது. முள்முருக்குக் கட்டையைக் கத்தியால் குடைந்து குளக்கட்டில் விடாத பிள்ளை குறைவு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்குமே வழியில்லாதபோது ஒட்டுப்பலகையும் நல்ல பசையும் யாருக்குக் கிடைத்தன! குடைந்த படகு மிதக்கும், அது போதும். கீலம் கீலமாக, அதாவது மெல்லிய மரப்பட்டிகளாக ஒட்டிக் கட்டுகிற படகு வேறு வேலை.

முதலில் எதை வாங்குவது என்பது. டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ், ஸ்பெயினின் ஆர்டிசானியா லத்தீனா, ஒக்ரே போன்றவை இந்தப் பெட்டிகளைச் செய்கின்றன. சில பெட்டிகளில் படகின் உடல் பிளாஸ்ரிக்கில் வார்த்து வரும். அது நமக்கு வேண்டாம், மரவேலையே உடலைக் கட்டுவதில்தான் இருக்கிறது. ஒற்றைப் பாய்மர மீன்பிடிப் படகு, 35 முதல் 45 சென்ரிமீற்றர் நீளம், எட்டுப் பத்து வங்குப் பலகைகள் (உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) உள்ளது போதும். பிள்ளைகள் அன்னபூரணியைக் கட்டத்தான் ஆசைப்படுவார்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போன இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. ஆசை நல்லதுதான், ஆனால் இரண்டு பாய்மரத்துக்குக் கயிறு கட்டுவதே உடலைக் கட்டுவதைவிடப் பெரிய வேலை. அது இரண்டாவது படகாக இருக்கட்டும்.

பெட்டியைத் திறந்தால் லேசரால் வெட்டிய ஒட்டுப்பலகைத் தகடுகளில் ஏராவும் (படகின் நீளத்துக்கு அடியில் ஓடும் முதுகெலும்புப் பலகை) வங்குகளும் இருக்கும். உடலுக்கு இரண்டு படை கீலங்கள் வரும்: முதற்படை பெரும்பாலும் 1.5 மி.மீ. தடிப்பும் 5 மி.மீ. அகலமும் கொண்ட வெளிர் மரம், மேற்படை 0.5 மி.மீ. தடிப்பில் வால்நட் போன்ற கரு மரம். பிறகு பித்தளை ஆணி, பாய்மரத்துக்கு உருளைக் குச்சி, நூல், வார்த்த சில்லறைச் சாமான்கள். வரைபடத்தை வெட்டிப் பயன்படுத்தக் கூடாது. நிழற்பிரதி எடுத்து, பிரதியில் அளவு மாறவில்லையா என்று அடிமட்டத்தால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சில பிரதி இயந்திரங்கள் ஒரு பக்கமாக இழுத்துவிடும்.

திறந்த அன்றே ஒட்டத் தொடங்காதீர்கள். வேறு நாட்டுக் காலநிலையில் கிடந்த மரம் அந்த அறைக் காற்றின் ஈரத்துக்குப் பழக இரண்டு கிழமையாவது வேண்டும். மரம் நீளப்பாட்டில் அநேகமாக அசையாது. அகலப்பாட்டில்தான் ஊதும், சுருங்கும். மாரியில் ஒட்டிய கீலங்கள் கச்சான் அடிக்கத் தொடங்கியதும் சுருங்கி, இடையில் வெளிச்சம் தெரியும். வறட்சியில் ஒட்டியவை மாரியில் ஊதி ஒன்றையொன்று நெருக்கும், விளிம்பு சற்றுப் புடைக்கும். இரண்டில் நெருக்கம் பரவாயில்லை, புடைப்பைத் தேய்த்துவிடலாம். பிளவைத் தேய்க்க முடியாது. எனவே இரண்டாம் தவணையில் கீலம் ஒட்டி, ஐப்பசி மழைக்கு முன் உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்து மூடிவிடுவதே நல்லது. உட்புறத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஈரம் அந்தப் பக்கத்தால்தான் ஏறும். மேற்தளம் மூடிய பிறகு உள்ளே தூரிகை போகாது.

ஏராப் பலகையைக் கண்ணாடித் தகட்டில் படுக்கவைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, தட்டையான பலகைகளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றி இரண்டு நாள் விடவும். வளைந்த ஏராவில் கட்டிய படகை எந்தக் கீலமும் நேராக்காது. லேசர் கருக்கிய விளிம்புகளை அரத்தாளால் லேசாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தக் கரியில் பசை சரியாகப் பிடிக்காது. வங்குகளைப் பசை இல்லாமல் ஒருமுறை முழுதாகச் செருகிப் பார்த்து, எல்லாம் மேற்தள மட்டத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகே ஒட்டுவது. ஒவ்வொன்றும் ஏராவுக்குச் செங்கோணம். இங்கே பழைய மூலைமட்டம் கைகொடுக்கும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், முதல் இரண்டு வங்குகளுக்கு இடையில் மென்மரத் துண்டு நிரப்பினால் கீலத்துக்குப் பிடிமானம் கூடும். கையேடு பால்சா மரம் என்று சொல்லும், காய்ந்த முள்முருக்கு அதற்குக் குறைவில்லை.

அமரத்தில், அதாவது பின்முனையில், ஒரு கணக்கு இருக்கிறது. இதைத் தவறவிட்டவர்களின் படகு பின்பக்கம் தடித்து அசிங்கமாக நிற்கும். அமரக்கால் (பின்முனையில் நிமிர்ந்து நிற்கும் கட்டை) 5 மி.மீ. தடிப்பு என்று வையுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு படையும் சேர்ந்து 2 மி.மீ., இரு பக்கமும் 4 மி.மீ. அப்படியானால் கீலங்கள் வந்து முடிகிற இடத்தில் ஏராப் பலகையை 1 மி.மீ. தடிப்பு மட்டும் மிஞ்சும்படி சீவி மெலிதாக்க வேண்டும். வங்குகளை ஒட்டுமுன் செய்தால் உளி நிம்மதியாக ஓடும். ஒட்டிய பிறகு இடமே இராது.

அடுத்தது வங்கு விளிம்புகளைச் சாய்த்துத் தேய்ப்பது. படகு நன்றாக வருமா வராதா என்பது இங்கேயே முடிவாகிவிடும், ஆனால் பிள்ளைகள் அவசரப்படுவதும் இங்கேதான். லேசர் விளிம்பை நிமிர்ந்தே வெட்டித் தரும். கீலமோ அணியத்தை நோக்கி ஒடுங்கிப் போகும். ஆகவே நடு வங்குக்கு முன்னால் உள்ளவற்றில் முன்விளிம்பையும், பின்னால் உள்ளவற்றில் பின்விளிம்பையும் சாய்க்க வேண்டும். நடு வங்கில் கை வைக்கக் கூடாது. ஒரு சாண் நீளக் கட்டையில் 120ஆம் இலக்க அரத்தாளைச் சுற்றி, எப்போதும் இரண்டு மூன்று வங்குகளைச் சேர்த்தே தேய்க்கவும். ஒற்றை வங்கைத் தனியாகத் தேய்த்தால் அதில் பள்ளம் விழும். இடைக்கிடை ஒரு கீலத்தை அணியத்திலிருந்து அமரம் வரை கையால் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு வங்கிலும் விளிம்பின் முழு அகலத்திலும் அது படிய வேண்டும். மூலையில் மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். எங்கோ தொடாமல் நின்றால் அந்த வங்கு அளவுக்கு மேல் தேய்ந்துவிட்டது, மெல்லிய கீலத்துண்டை ஒட்டி உயர்த்தித் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான்.

கீலம் ஒட்டுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். நடு வங்கில் மேற்தளத்திலிருந்து ஏரா வரை காகிதத் துண்டால் சுற்றி அளந்தால் 90 மி.மீ. வருகிறது என்போம். 5 மி.மீ. கீலம் பதினெட்டு. அதே பதினெட்டும் அணியத்தில் 54 மி.மீ.க்குள் அடங்க வேண்டும் என்றால், முனையில் ஒவ்வொன்றும் 3 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும். ஒடுக்காமல் முழு அகலத்தில் ஒட்டிக்கொண்டு போனால் முதல் நான்கைந்து அழகாகத்தான் படியும். பிறகு முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், மாணவர் பலத்தால் அழுத்துவார், கீலம் முறுகி ஒரு விளிம்பு தூக்கும். கீலம் தட்டைப் பக்கமாகவே வளையும், விளிம்புப் பக்கமாக வளைக்கப் பார்த்தால் அடங்காது. பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்கவும் கூடாது. அந்த இடம் வந்தால் இரண்டு முனைகளை ஒன்றாக்கி ஒரு கீலத்தைப் பக்கத்துக் கீலத்தோடு முடித்துவிடலாம். அமரத்தில் நிலைமை தலைகீழாக இருக்கலாம். அங்கே 99 மி.மீ. வந்தால் 9 மி.மீ. குறைகிறது, ஆப்பு வடிவில் சிறு கீலங்கள் செருகி நிரப்ப வேண்டும். ஏராவை ஒட்டிய கீலத்தை அணியத்தில் மேலே ஏற விடாதீர்கள். அது ஏறினால் அதற்கு மேல் வரும் எல்லாவற்றுக்கும் இடம் ஒடுங்கும்.

இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரு பக்கமாக ஐந்தாறு ஒட்டினால் ஏரா வில்லாக வளைந்துவிடும். முதற்படைக் கீலத்தை இளஞ்சூட்டு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் மூக்கில் மெதுவாக இழுத்தால் வளையும். வளைத்ததை ஈரத்தோடு ஒட்ட வேண்டாம். இடத்தில் ஆணி பிடித்து ஓரிரவு காயவிட்டு, கழற்றி, அடுத்த நாள் பசை போடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது அகலம் சுருங்கிப் பிளவு விழும். ஆணியைப் பாதி மட்டும் இறக்கி, பசை காய்ந்ததும் குறட்டால் பிடுங்கிவிட வேண்டும். கீல முனையில் 0.7 மி.மீ. துளை இட்டுவிட்டு ஆணி அடித்தால் மரம் வெடிக்காது. உடுப்புக் கொழுவும் கிளிப் இருபது முப்பது இருந்தால் ஆணிக்கு வேலை குறையும்.

முதற்படை கரடுமுரடாக இருப்பதால் மனம் உடைய வேண்டாம், அது மறைந்துபோகும் படை. மரத்தூளை வெள்ளை மரப்பசையில் குழைத்துப் பிளவுகளில் திணித்து, காய்ந்ததும் 120, 180, 240 என்று தேய்த்துக்கொண்டு போகலாம். முதிரைத் தூளை இதற்கு எடுக்காதீர்கள், சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் வரும். மேற்படை மெல்லியது. சில நிமிடம் நனைத்தால் போதும், அதிகம் தேய்த்தால் கீழ்ப்படை எட்டிப் பார்க்கும்.

மேற்தளத்தில் சொல்ல அதிகம் இல்லை. கீல விளிம்பில் பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் கலப்பத்துக் கோடு (நிஜப் படகில் பலகை இடுக்குகளை அடைத்த கோடு) போலத் தெரியும். பாய்மரக் குச்சியைக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்து நேரானதை எடுக்கவும். பெட்டிக் குச்சி வளைந்து வந்திருந்தால் தச்சுப் பட்டறைக் கழிவில் நேர்நாருள்ள துண்டொன்றைச் சதுரமாகச் சீவி நீங்களே செய்யலாம். பக்கத்தை 7:10:7 என்று பிரித்துக் கோடு போட்டு மூலைகளைச் சீவினால் எண்கோணம் வரும். 12 மி.மீ. சதுரத்தில் அது 3.5, 5, 3.5. பிறகு பதினாறு, பிறகு அரத்தாள். நூலுக்குத் தேன்மெழுகு பூசினால் மயிர் எழும்பாது, முடிச்சும் நழுவாது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுத்தேன் எடுக்கிறவர்களிடம் மெழுகு கேட்டால் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து அனுப்பத் தேவையில்லை.

பசையிலும் வெயிலின் கை இருக்கிறது. கச்சான் காலத்தில் வெள்ளைப் பசை நிமிடங்களில் ஆடை கட்டும், ஆகவே மூடியில் நாலு சொட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது. சூப்பர் குளூவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நாள் பிடிக்கும். பெரிய போத்தலைவிடச் சிறிய ரியூப்கள் உசிதம், திறந்த ஒன்று இறுகினாலும் மற்றவை மிஞ்சும். அதன் ஆவி கண்ணைக் கரிக்கும், யன்னல் திறந்திருக்கட்டும். கட்டுகிற படகைச் சுவரோடு சேர்ந்த இறாக்கையில் வைக்காதீர்கள். கறையான் சுவரால்தான் ஏறும். கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்திய மேசையே பாதுகாப்பு.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை கிடைக்கிற நான்கு மாணவருக்கு உடல் மட்டுமே ஒரு தவணை எடுக்கும். நால்வருக்கு மேல் ஒரு படகில் சேர்த்தால் இருவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அனுப்புகிறவர்கள் பெட்டியோடு சேர்த்து 0.5 முதல் 1 மி.மீ. வரையான துளையூசிகள், அவற்றைப் பிடிக்கும் கைப்பிடி, சிறிய சீவுளி ஒன்று, முதற்படைக் கீலம் இன்னும் பத்து ஆகியவற்றையும் வையுங்கள். பெட்டியில் வருபவை உடையாமல் ஒட்டுகிறவருக்கே அளவாக இருக்கும். வார்னிஷும் ஒட்டுத் திரவங்களும் தீப்பற்றக்கூடியவை என்பதால் விமானத் தபாலில் எடுக்கமாட்டார்கள். அவற்றுக்குக் காசாக அனுப்பினால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடையில் வாங்கிக்கொள்ளலாம்.